ஃபாங்ஸ்-ஆல்மா தரவுத் தொகுப்பு: மண்டபம் கடற்கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களில் மூலக்கூறு வாயு எங்கெங்கே கிடக்கிறது, அதிலிருந்து விண்மீன்கள் எவ்வளவு வேகத்தில் பிறக்கின்றன என்பதை ஆராய விரும்பும் எவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டிருக்கும் ஃபாங்ஸ்-ஆல்மா தரவுத் தொகுப்பை, இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இயற்பியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியரின் நிலையிலிருந்து இங்கே மதிப்பிடுகிறேன். விலை இல்லாத சேவைக்குக் குறை சொல்லலாமா என்ற தயக்கம் எனக்கு இல்லை. மாணவர்கள் செலவிடும் நேரமும் அவர்களுடைய கைப்பேசியின் தரவு அளவும் காசுதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளங்கலை இறுதியாண்டிலோ முதுகலையிலோ இயற்பியல் படிக்கும் மாணவருக்கு, பாடநூலில் உள்ள படத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக உண்மையான அளவீட்டைக் கையிலெடுத்துக் கணக்கிட இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இதில் தயார் நிலையில் கிடைக்கும் வரைபடங்கள் மிக நேர்த்தியாக இருப்பதே ஓர் ஆபத்து. அவற்றுக்குள் மறைந்திருக்கும் அனுமானங்களை ஆசிரியர் எடுத்துச் சொல்லாவிட்டால், மாணவர் அழகான படத்திலிருந்து பிழையான எண்ணைப் பெற்றுக்கொண்டு மனநிறைவோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் 66 அலைவாங்கிகளுடன் இயங்கும் ஆல்மா தொலைநோக்கி, 90 விண்மீன் மண்டலங்களைக் கார்பன் மோனாக்சைடின் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சில் அளந்ததன் விளைவே இத்தொகுப்பு. ஃபாங்ஸ் என்பது இதைச் செய்த ஆய்வுக் குழுவின் பெயர். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனத்தின் ஈவா ஷின்னரர் தலைமையில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆடம் லெராய் உள்ளிட்ட பலர் இதில் உழைத்தார்கள். அளவீடுகளையும் அவற்றைச் செப்பனிட்ட முறையையும் விளக்கும் ஆய்வுரைகள் 2021-இல் வெளியாயின. மண்டலங்கள் பெரும்பாலும் ஆறரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவுக்குள் இருப்பவை. ஒரு வில்விநாடியை (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கை) ஒட்டிய கூர்மையில் அளந்திருப்பதால், படத்தில் தெரியும் மிகச் சிறிய பொட்டும், மண்டலத்தின் தொலைவுக்கேற்பக் கூடக்குறைய இருந்தாலும், சுமார் 100 பார்செக், அதாவது முந்நூற்றுச் சொச்சம் ஒளியாண்டு அகலம் உடையது. ஒரு பெரிய மூலக்கூறு முகிலின் அளவும் ஏறக்குறைய அதுவே என்பதால், ஒரு மண்டலத்தின் முகில்களைத் தனித்தனியாகப் பிரித்தறியும் விளிம்பில் இத்தரவு நிற்கிறது. இதற்கு முந்தைய பல அளவாய்வுகள் ஒரு மண்டலத்தைச் சில பெரும் பொட்டுகளாகவே காட்டின.

இப்படிப்பட்ட அளவீட்டை நம் கரையிலிருந்து எந்தக் காலத்திலும் செய்ய இயலாது என்பதை மாணவர்களிடம் முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் அந்தக் காரணமே ஒரு பாடம். இங்கே அளக்கப்படும் அலை 1.3 மில்லிமீட்டர் நீளமுடையது. காற்றிலுள்ள நீராவி அதை விழுங்கிவிடும். அட்டகாமாவின் அந்த உயரத்தில், தலைக்கு மேலுள்ள காற்றுத் தூண் முழுவதிலும் இருக்கும் நீராவியைக் குளிரவைத்து நீராக்கினால் நல்ல இரவுகளில் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட நிற்காது. மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் இடையில் குறுகிக் கிடக்கும் மண்டபத்தில், மழைக்காலத்தில் அதே கணக்கு 50 மில்லிமீட்டரை எட்டும். பாம்பன் பாலத்தின் இரும்பை அரிக்கும் அதே ஈரம்தான் இந்த அலைக்கும் குறுக்கே நிற்கிறது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் நமக்கு வாய்ப்பு மிகுதி என்று சொல்ல முடியாது. நான் பாடத்துக்கு முதலில் எடுக்கும் மண்டலம் மெஸியே 74, பட்டியல் எண்ணில் சொன்னால் என்.ஜி.சி. 628. மீனராசித் திசையில், சுமார் 3.2 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், நமக்கு ஏறக்குறைய முழு முகத்தையும் காட்டிக்கொண்டு சுழலும் இது, இராமநாதபுரத்தில் தலைக்கு நேர்மேலிருந்து ஆறேழு பாகை தள்ளி மட்டுமே கடக்கிறது. ஆனால் அது நள்ளிரவில் உச்சிக்கு வரும் மாதம் அக்டோபர். அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, இம்மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையின் பெரும்பகுதியைக் கொட்டுகிறது. மேகம் விலகும் இரவிலும், பரப்பொளி மிகக் குறைந்த மெஸியே பொருள்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய இது சிறிய தொலைநோக்கியில் வெறும் மங்கல் திட்டாகவே தெரியும். தனுஷ்கோடி மணலில் நின்று தென்கடலுக்கு மேலே தாழ்வாகத் தெரியும் பெரிய மெகல்லன் மண்டலத்தைக் காட்டிவிடலாம் என்பது உண்மை. அதையும் தெளிந்த வானம் வாய்க்கும் டிசம்பர், ஜனவரி இரவுகளில்தான் எதிர்பார்க்க முடியும். எனவே இங்குள்ள மாணவருக்குத் தரவுக் காப்பகம் என்பது தொலைநோக்கிக்கு மாற்று அன்று, வேறு வழியே இல்லாத ஒரே சாளரம்.

கார்பன் மோனாக்சைடை ஏன் அளக்க வேண்டும் என்ற கேள்வியைத் தாண்டாமல் இத்தொகுப்புக்குள் நுழையக் கூடாது. விண்மீன்கள் பிறப்பது மூலக்கூறு ஹைட்ரஜனில். அந்த மூலக்கூறோ இரண்டு ஒத்த அணுக்களால் ஆனதால் நிலையான மின் இருமுனை இல்லாதது. அதன் மிகத் தாழ்ந்த சுழற்சிக் கதிர்வீச்சை எழுப்புவதற்கே சுமார் 510 கெல்வினுக்கு நிகரான ஆற்றல் வேண்டும். முகிலின் உள்ளேயோ வெப்பநிலை 10 கெல்வினைச் சுற்றித்தான் இருக்கும். ஆகவே முகிலின் நிறையில் பெரும்பகுதியாக இருக்கும் ஹைட்ரஜன் வாய் திறப்பதே இல்லை. அதனோடு கலந்து கிடக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு முதற்படி 5.5 கெல்வின், இரண்டாம் படி 16.6 கெல்வின். அந்தக் குளிரிலும் அது சுழன்று கதிர்வீசும். ஃபாங்ஸ் அளப்பது இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு இறங்கும்போது எழும் 230.538 கிகாஹெர்ட்ஸ் கதிர்வீச்சை.

நாட்டுப்படகில் போகிறவர்கள் ஆலாக் கூட்டம் வட்டமிடும் இடத்தைப் பார்த்து, கீழே மீன் இருக்கிறது என்று கணிப்பதைச் சொன்னால் இங்குள்ள வகுப்பில் இதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. நாம் எண்ணுவது பறவைகளை, மீன்களை அன்று. ஒரு பறவைக்கு எத்தனை மீன் என்ற விகிதம் தெரிந்தால்தான் பறவையின் எண்ணிக்கை மீனின் எடையாக மாறும். இதைச் சொன்னவுடன் பாம்பன் பக்கத்து மாணவர் ஒருவர், “சார், பறவை இல்லாத இடத்திலும் மீன் இருக்குமே?” என்று கேட்டார். இத்துறையின் நெடுங்காலத் தலைவலியை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். உலோகச் செறிவு (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் பங்கு) குறைந்த மண்டலங்களில் தூசியும் குறைவு. காக்கும் தூசி இல்லாததால் புற ஊதாக் கதிர் கார்பன் மோனாக்சைடைச் சிதைத்துவிடுகிறது. ஹைட்ரஜன் மூலக்கூறோ தன் அடர்த்தியாலேயே தன்னைக் காத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறது. அதை ஆல்மா காணாது.

இனிப் பொருளைத் திறந்து பார்ப்போம். கனடிய வானியல் தரவு மையத்தின் தளத்திலும் ஆல்மாவின் சொந்தக் காப்பகத்திலும் கோப்புகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு தரவுக் கனசதுரம் உண்டு. வானத்தின் இரு திசைகளும், மூன்றாவதாக வாயுவின் வேகமும் அதன் மூன்று அச்சுகள். வேக அச்சில் ஓர் அடுக்கு விநாடிக்கு 2.5 கிலோமீட்டர். அந்தக் கனசதுரத்தை அமுக்கித் தட்டையாக்கிய வரைபடங்கள் தனியே தரப்படுகின்றன. மொத்தக் கதிர்வீச்சைக் காட்டும் மொமென்ட்-0, சராசரி வேகத்தைக் காட்டும் மொமென்ட்-1, நிறமாலைக் கோட்டின் அகலம், உச்ச வெப்பநிலை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றோடு பிழை வரைபடங்களையும் சேர்த்தே தந்திருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். அளவையும் அதன் பிழையையும் ஒரே உறையில் போட்டுத் தரும் தரவுத்தொகுப்புகள் குறைவு. நம் செய்முறைத் தேர்வுகளில் பிழைக் கணக்கு என்பது கடைசிப் பக்கத்தில் அவசரமாக எழுதும் சடங்காகிவிட்ட நிலையில், இங்கே அது ஒரு படமாகவே வந்து கண்முன் நிற்கிறது.

இன்னொரு சிறப்பும் உண்டு, அது எளிதில் கண்ணில் படாது. ஆல்மாவின் 12 மீட்டர் அலைவாங்கிகளை மட்டும் கொண்டு அளந்தால், நுண்ணிய அமைப்புகள் தெளிவாகக் கிடைக்கும், ஆனால் பரந்து விரிந்த மங்கலான வாயு தப்பிவிடும். அதனால் நெருக்கமாக அமைந்த 7 மீட்டர் அலைவாங்கிகளின் அளவையும், தனித்து இயங்கும் நான்கு அலைவாங்கிகள் அளந்த மொத்த ஆற்றலையும் ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். கோப்பின் பெயரிலேயே இந்த மூன்றும் குறிக்கப்பட்டிருக்கும். மண்டலத்தின் மொத்த வாயு நிறையைக் கணக்கிடப் போகிறவர் மூன்றும் சேர்ந்த கோப்பையே எடுக்க வேண்டும். ஒரு பகுதி மட்டும் கொண்ட கோப்பு எண்ணைக் குறைத்துக் காட்டும்.

மொமென்ட்-0 வரைபடம், எந்தப் பகுதியைக் கணக்கில் சேர்ப்பது என்று வடிகட்டும் முகமூடியைப் பொறுத்து, இரண்டு வகையாக வருகிறது. அகன்ற முகமூடி வகை, சமிக்ஞை இருக்கக்கூடிய எல்லா இடங்களையும் சேர்த்துக்கொள்ளும், ஆகவே இரைச்சலும் உடன் வரும். கறாரான முகமூடி வகை, ஐயமற்ற சமிக்ஞையை மட்டும் வைத்துக்கொண்டு மங்கலானதை வெட்டிவிடும். பார்வைக்கு இரண்டாவது அழகு. மாணவர்கள் எப்போதும் அதையே விரும்புகிறார்கள். மொத்த நிறை வேண்டுமானால் அகன்றதையும், தனி முகில்களின் வேகத்தை நம்பகமாகப் பார்க்க வேண்டுமானால் கறாரானதையும் எடுப்பதே முறை. இந்த வேறுபாட்டை விளக்கும் குறிப்பு நீண்ட ஆங்கில ஆய்வுரைக்குள் புதைந்து கிடக்கிறது. கோப்பைப் பதிவிறக்கும் இடத்திலேயே இரண்டு வரியில் அதைச் சொல்லியிருந்தால் தொடக்கநிலையினருக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும்.

கணக்குக்கு வருவோம். வரைபடத்தின் அலகு கெல்வின் கிலோமீட்டர்/விநாடி. நிறையாக மாற்றித் தரவில்லை. இதைக் குறை என்று சிலர் சொல்லக்கூடும், நான் சிறப்பு என்பேன், ஏனெனில் மாற்றும் பொறுப்பு நம்முடையதாகிறது. பால்வழி மண்டலத்துக்கு வழக்கமாக எடுக்கப்படும் மாற்றுக் காரணி, ஹீலியத்தையும் சேர்த்து, ஒரு கெல்வின் கிலோமீட்டர்/விநாடிக்குச் சதுரப் பார்செக்கில் 4.35 சூரிய நிறை. ஆனால் அது முதற்படிக் கதிர்வீச்சுக்கு உரியது. ஃபாங்ஸ் அளந்தது இரண்டாம் படிக் கதிர்வீச்சு. இரண்டுக்கும் உள்ள விகிதம் சராசரியாக 0.65 என்று அக்குழு கொள்கிறது. எனவே 4.35-ஐ 0.65-ஆல் வகுத்துச் சுமார் 6.7 என்று பயன்படுத்த வேண்டும். இந்த வகுத்தலை விட்டுவிட்டால் விடையில் மூன்றில் ஒரு பங்கு காணாமற்போகும், படத்தில் அதற்கு எந்த அறிகுறியும் இருக்காது.

மெஸியே 74-இல் ஒரு சுருள் கரத்தில் 10 அலகு காட்டும் இடத்தை எடுத்துக்கொள்வோம். சதுரப் பார்செக்குக்கு 67 சூரிய நிறை. அந்தத் தொலைவில் ஒரு வில்விநாடி என்பது 47 பார்செக்கைச் சற்றுத் தாண்டும். அவ்வளவு அகலமுள்ள ஒரு கற்றையின் (விளிம்பு மங்கித் தேயும் ஒரு பொட்டின்) பரப்பு ஏறத்தாழ 2,550 சதுரப் பார்செக். பெருக்கினால் சுமார் 1,70,000 சூரிய நிறை. பால்வழி மண்டலத்தின் பெரிய மூலக்கூறு முகில்களும் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. மூன்று கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு முகிலின் நிறையைக் கரும்பலகையில் நான்கு வரியில் எடுத்துவிடும்போது வகுப்பில் ஏற்படும் கவனம், எந்த ஆவணப்படத்தாலும் ஏற்பட்டதை நான் பார்த்ததில்லை.

இத்தொகுப்பின் உண்மையான பலம் அதற்கடுத்த படியில் வெளிப்படுகிறது. ஃபாங்ஸ் மண்டலங்களில் 19-ஐ, சிலியிலேயே பரனால் மலையிலுள்ள மிகப் பெரும் தொலைநோக்கியின் மியூஸ் கருவியும் அளந்திருக்கிறது. அதிலிருந்து எச்-ஆல்ஃபா வரைபடம் கிடைக்கும். பிறந்து ஒரு கோடி ஆண்டு தாண்டாத பெருநிறை விண்மீன்கள் சுற்றியுள்ள வாயுவை அயனியாக்குவதால் எழும் சிவப்பொளி அது, ஆகவே புதுப் பிறப்புகளின் கணக்கேடு. ஹைட்ரஜனே வீசும் எச்-பீட்டா என்ற மற்றொரு கோடும் அதே கருவியில் கிடைப்பதால், தூசியால் விழுங்கப்பட்ட ஒளியைத் திருத்தவும் முடிகிறது. இரண்டுக்கும் இயல்பான விகிதம் 2.86. அளந்த விகிதம் அதைத் தாண்டும் அளவுக்குத் தூசியின் குறுக்கீடு.

ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் பிறப்பு. இரண்டு வரைபடங்களையும் ஒரே கட்டங்களுக்குப் பொருத்தி மேலே மேலே வைத்தால், மாணவர் எதிர்பார்ப்பதற்கு மாறான காட்சி தெரியும். வாயு மிகுந்த இடமும் விண்மீன் பிறக்கும் இடமும் பல வேளைகளில் ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை, அருகருகே விலகி நிற்கின்றன. வாயு அடர்த்தி கூடினால் விண்மீன் பிறப்பும் கூடும் என்று மார்ட்டன் ஷ்மிட் 1959-இல் முன்வைத்து, ராபர்ட் கென்னிகட் 1998-இல் பல மண்டலங்களைக் கொண்டு 1.4 என்ற அடுக்கோடு உறுதிப்படுத்திய உறவு எங்கே போயிற்று என்று கேள்வி எழும். அங்கேதான் பயிற்சியே தொடங்குகிறது. வாயுவின் உச்சங்களை மையமாக வைத்துச் சிறு வட்டங்கள் போட்டு, உள்ளிருக்கும் வாயுவைப் பிறப்பு வேகத்தால் வகுத்தால், வாயு தீர்ந்துபோக ஆகும் காலம் மிக நீண்டதாக வரும். எச்-ஆல்ஃபா உச்சங்களை மையமாக வைத்தால் அதே காலம் மிகக் குறுகியதாக வரும். வட்டத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கி ஆயிரம் பார்செக் அளவுக்குக் கொண்டுவரும்போது இரண்டு விடைகளும் நெருங்கி, சுமார் 200 கோடி ஆண்டு என்ற இடத்தில் சந்திக்கின்றன.

இதன் பொருளை நிதானமாகப் பேச வேண்டும். பெரிய அளவில் பார்த்தால் உறவு இறுக்கமாக இருக்கிறது. முகில் அளவில் பார்த்தால் அது குலைகிறது, காரணம் ஒவ்வொரு முகிலும் தன் வாழ்வின் வெவ்வேறு கட்டத்தில் நிற்கிறது. சில இன்னும் விண்மீனைப் பெறாதவை. சில பெற்றெடுத்த கையோடு அவ்விண்மீன்களின் கதிராலும் காற்றாலும் கலைந்துவிட்டவை. இந்த விலகல் எவ்வளவு என்பதை அளந்தே முகில்களின் ஆயுள் ஒரு கோடி முதல் மூன்று கோடி ஆண்டு என்றும், பெருநிறை விண்மீன்கள் வெளிப்பட்டபின் முகில் கலைவதற்குப் பத்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் ஆண்டே ஆகிறது என்றும் ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். வாயு முழுவதும் விண்மீனாகத் தீர 200 கோடி ஆண்டு வேண்டும். முகிலோ மூன்று கோடி ஆண்டுகூட நிலைப்பதில்லை. ஆக, ஒரு முகிலின் நிறையில் நூற்றில் சில பங்கு மட்டுமே விண்மீனாகிறது, மிச்சமெல்லாம் மறுபடி சிதறிப்போகிறது. இந்த முடிவைப் பாடநூலில் படித்தால் ஒரு வரி. வட்டங்களைத் தாமே போட்டுப் பெற்றால் ஒரு பருவத்துக்கான ஆய்வேடு.

நடைமுறைக்கு வருவோம். தட்டையான வரைபடங்கள் சிறியவை, கைப்பேசி இணையத்திலேயே இறங்கிவிடும். கனசதுரங்கள் அப்படியல்ல. பெரிய மண்டலங்களுக்கு அவை ஜிகாபைட் கணக்கில் நீளும், கடலோரக் கிராமங்களில் மாலையில் சமிக்ஞை தேயும்போது பதிவிறக்கம் பாதியில் அறுந்துபோவதும் உண்டு. இதற்கு நான் கண்ட நல்ல வழி, கோப்பைக் கணினிக்கே கொண்டுவராமல் இருப்பது. கூகுள் கோலாப் போன்ற இணையப் பணியேட்டில் பதிவிறக்கக் கட்டளையைக் கொடுத்தால், கோப்பு காப்பகத்திலிருந்து நேரே அங்குள்ள கணினிக்குப் போய்ச் சேரும். ஆஸ்ட்ரோபை என்ற இலவச பைத்தான் நிரலகத்தைக் கொண்டு அங்கேயே கணக்கிட்டு, விடையாக வரும் படத்தை மட்டும் நாம் பார்க்கலாம். பணியேட்டை மூடினால் கோப்பு அழிந்துவிடும் என்பதால், சுருக்கிய விடைகளை மறக்காமல் சேமித்துக்கொள்ள வேண்டும். நல்ல கணினியுள்ள ஆய்வகத்தில் கார்ட்டா என்ற இலவசப் பார்வைக் கருவியை நிறுவினால், கனசதுரத்தின் வேக அடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்க்கலாம். மண்டலத்தின் ஒரு பாதி நம்மை நோக்கியும் மறுபாதி விலகியும் சுழல்வது அப்போது கண்ணெதிரே நகரும். பைத்தான் தெரியாத ஆசிரியர் தயங்க வேண்டியதில்லை. மாணவர்களில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

குறைகளைச் சொல்ல வேண்டிய இடம் இது. தெரிவுசெய்யப்பட்ட மண்டலங்கள் பெரும்பாலும் நிறை மிகுந்தவை, சாதாரணமாக விண்மீன்களைப் பெற்றுக்கொண்டிருப்பவை. குறுமண்டலங்களைப் பற்றி இதிலிருந்து எதுவும் முடிவுசெய்யக் கூடாது, ஆலா இல்லாத கடல் என்ற அந்த மாணவரின் கேள்வி அங்கேதான் முழு வலிமையோடு எழுகிறது. தெற்கு அரைக்கோளத்திலிருந்து பார்ப்பதால், படப் புத்தகங்களில் எல்லோரும் முதலில் தேடும் ஆண்ட்ரோமெடாவும் மெஸியே 51-ம் இதில் கிடையா. அந்த ஏமாற்றத்தை முன்கூட்டியே தணித்துவைப்பது நல்லது. மண்டலங்களின் வெளிவிளிம்பு வரை அளவீடு நீளவில்லை. ஆகவே வாயு எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு வேறு தரவைத்தான் நாட வேண்டும். மாற்றுக் காரணி ஒரே எண் என்று வைத்துக்கொள்வதும் ஏற்கத்தக்கதன்று. மண்டலங்களின் மையப் பகுதியில் வாயு கொந்தளிப்பும் வெப்பமும் மிகுந்திருப்பதால் அக்காரணி சில மடங்கு குறையக்கூடும் என்று தெரிந்திருக்கிறது. மையத்தில் பளிச்சென்று தெரியும் திட்டைப் பார்த்து அங்கே மலையளவு வாயு குவிந்திருப்பதாக எழுதும் மாணவரை நிறுத்தி, பறவைகள் அங்கே மட்டும் அதிகம் கூடுகின்றனவா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களை இதற்குத் துணையாகக் கொள்ளலாம். ஃபாங்ஸ் மண்டலங்களில் 19-ஐ அது அகச்சிவப்பில் அளந்து, 2024 ஜனவரி இறுதியில் அப்படங்கள் ஒருசேர வெளியாயின. 7.7 மைக்ரான் அலைவரிசையில் தெரியும் தூசி மூலக்கூறுகளின் ஒளி, ஆல்மாவைவிடச் சில மடங்கு கூர்மையாக, முகில்களின் இழைகளையும் விண்மீன்கள் ஊதித் துளைத்த குமிழிகளையும் காட்டுகிறது. மெஸியே 74-இல் ஆயிரம் பார்செக் அளவுக்கு விரிந்த ஒரு வெற்றிடம் அதில் அப்பட்டமாகத் தெரியும். ஆனால் அழகில் மயங்கி, தூசியின் ஒளியை வாயுவின் நிறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தூசி மிகுந்தாலும் ஒளிரும், அதன்மேல் விழும் விண்மீனொளி மிகுந்தாலும் ஒளிரும். கார்பன் மோனாக்சைடோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது. வகுப்பின் சுவரில் ஒட்ட வெப் படம், கணக்கிட ஆல்மா படம் என்று பிரித்துவைப்பது என் வழக்கம்.

நம் நாட்டிலேயே இதற்கு நிகரானது இல்லையா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். புனேவுக்கு வடக்கே கோடத் அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளுடன் இயங்கும் ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கி, 21 சென்டிமீட்டர் அலையில் அணு ஹைட்ரஜனை அளக்கும், அதற்கும் இணையக் காப்பகம் உண்டு. மூலக்கூறாக மாறுவதற்கு முந்தைய இருப்பு அது. 2015 செப்டம்பர் 28-இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கி, எச்-ஆல்ஃபாவைவிட நீண்ட காலப்பகுதியில், ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டு வரை, பிறந்த விண்மீன்களைக் காட்டும். இரண்டும் அருமையானவை. ஆனால் மூலக்கூறு வாயுவை மில்லிமீட்டர் அலையில் இவ்வளவு கூர்மையாகக் காட்டும் வசதி அவற்றில் இல்லை. எனவே இவை போட்டியாளர்கள் அல்ல, அடுத்த பருவத்துக்கான துணைகள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: தரவின் தரத்துக்கு ஐந்துக்கு ஐந்து, விளக்கக் குறிப்புகளுக்கு ஐந்துக்கு மூன்று. தமிழில் ஒரு பக்கக் கையேடு இருந்தால் பின்னதை நான்காக்குவேன். அதை எழுத வேண்டியவர்கள் ஹைடல்பெர்க்கில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பள்ளி மாணவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன், படம் பார்ப்பதோடு நின்றுவிடும். மடக்கையும் அலகு மாற்றமும் பழகிய கல்லூரி மாணவருக்கு, முதலில் மெஸியே 74-இன் அகன்ற முகமூடி மொமென்ட்-0 வரைபடத்தையும் அதன் பிழை வரைபடத்தையும் மட்டும் கொடுங்கள். ஒரு சுருள் கரத்தின் நிறையைப் பிழையோடு எழுதி முடிக்கும் வரை கனசதுரத்தைத் தொடவிட வேண்டாம். அது முடிந்தபின் சிம்மராசித் திசையிலுள்ள மெஸியே 66-ஐ, அதாவது என்.ஜி.சி. 3627-ஐ எடுக்கலாம். நன்கு சாய்ந்திருப்பதால் அதன் மொமென்ட்-1 வரைபடத்தில் சுழற்சி தெளிவாகத் தெரியும். நடுவிலுள்ள பட்டையின் இரு முனைகளிலும் வாயு குவிந்து, அங்கே விண்மீன் பிறப்பும் கூடியிருப்பதை மியூஸ் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பட்டையின் முனைக்கும் மையத்துக்கும் ஒரே மாற்றுக் காரணியைப் போட்டு ஒருமுறையும், மையத்துக்கு மட்டும் குறைத்துப் போட்டு மறுமுறையும் வாயு தீரும் காலத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டு விடைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.